பெரிய மனிதர் எதிரே வந்தால்...?

கூச்சலும் வேண்டாம், கூச்சமும் வேண்டாம்!

அச்சரப்பாக்கம். மதுராந்தகத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள ஊர். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதையும் இந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது.

மந்திரிகள் போவார்கள். சினிமா நட்சத்திரங்கள் போவார்கள். கிரிக்கெட் வீரர்கள், பாடகர்கள், எழுத்தாளர்கள் எல்லோரும் போவார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்ட கார்களில் 'விர்'ரென்று பறந்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் கண்ணில் படுவது கார் கிளப்பிய புழுதி மட்டும்தான்.

ஆனால் கார் என்பது இயந்திரம். என்றாவது ஒரு நாள் டயர் வெடிக்கும். என்ஜின் சூடேறும். அல்லது உள்ளே இருப்பவருக்கு ஒரு வாய் டீ குடிக்கத் தோன்றும். கார் நின்றுவிடும். கதவு திறக்கும்.

அப்படி ஒரு காலை நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

சாலையோர டீக்கடை. பெஞ்சில் ஒரு பாட்டி. பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு பேத்தி. பாய்லர் அருகே கடைக்காரர். காரிலிருந்து இறங்கி வருகிறவர் யார்? ஊரெங்கும் சுவரொட்டியில் சிரிக்கிறாரே, அதே நடிகர்!

கடைக்காரரின் கையில் இருந்த டம்ளர் நடுங்குகிறது. ஆட்டோக்காரர் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். "டேய், யார் வந்திருக்காங்க பாருடா!" என்று ஒரு குரல். ஐந்து பேர் பத்துப் பேர் ஆகிறார்கள். பத்துப் பேர் ஐம்பது பேர் ஆகிறார்கள். பேத்தி பெஞ்சின் மேல் ஏறி நிற்கிறாள்.

நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள்?

'இது என்ன பெரிய விஷயம்?' என்று நினைக்கலாம். பெரிய விஷயம்தான். இந்த நேரத்தில் நிதானமாக நடந்துகொண்டவர்களால் நாட்டில் நல்லது நடந்திருக்கிறது. நிதானம் தவறியபோது உயிரே போயிருக்கிறது.

சாமியே நின்ற ஊர்!

அச்சரப்பாக்கத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது.

முப்புரம் எரிக்கப் புறப்பட்டாராம் சிவபெருமான். பூமியே தேர். சூரியனும் சந்திரனும் சக்கரங்கள். புறப்படும் அவசரத்தில் விநாயகரை வணங்க மறந்துவிட்டார்கள். தேர் இந்த இடத்துக்கு வந்ததும் அச்சு முறிந்து நின்றுவிட்டது. பிறகு விநாயகரை நினைத்த பின்னர்தான் தேர் நகர்ந்ததாம். அச்சு இற்ற இடம் 'அச்சிறுபாக்கம்' ஆயிற்று. பேச்சு வழக்கில் அச்சரப்பாக்கம் என்றாகிவிட்டது.

இது புராணக் கதை. இங்குள்ள ஆட்சீஸ்வரர் கோயில், திருஞானசம்பந்தர் பாடிய தலங்களில் ஒன்று. அச்சை முறித்த பிள்ளையாருக்கு 'அச்சுமுறி விநாயகர்' என்றே பெயர்.

கதையில் ஒரு நல்ல கருத்து இருக்கிறது. எவ்வளவு பெரியவர் ஆனாலும் வழியில் வண்டி நிற்கும். அப்போது அவரும் ஒரு வழிப்போக்கர்தான்!

கொட்டும் மழையில் கண்ட காட்சி

இங்கிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் மதுராந்தகம் இருக்கிறது. அங்கே ஏரி காத்த ராமர் கோயில் கொண்டிருக்கிறார். அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கும்பினி ஆட்சியில், லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரர் இந்தப் பகுதிக்குக் கலெக்டராக இருந்தார். மதுராந்தகம் ஏரி மழைக்காலத்தில் உடைந்து உடைந்து தொல்லை கொடுத்து வந்தது. கோயிலில் தாயார் சந்நிதி கட்டப் பணம் வேண்டும் என்று அர்ச்சகர்கள் கேட்டார்கள். "இந்த வருஷம் ஏரிக்கரை உடையாமல் இருந்தால் நானே கட்டித் தருகிறேன்" என்றாராம் துரை.

மழை வந்தது. பெருமழை! ஏரி நிரம்பித் தளும்பியது. நள்ளிரவில் கரையைப் பார்க்கத் துரையே புறப்பட்டார். அங்கே வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் கரையைக் காவல் காத்து நிற்பதைக் கண்டாராம். ராமரும் லட்சுமணரும்தான் அவர்கள் என்பது ஊர் நம்பிக்கை.

துரை என்ன செய்தார்? கூச்சல் போடவில்லை. ஓடிப் போய்த் தொடவும் இல்லை. நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டு வணங்கினார். விடிந்ததும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தாயார் சந்நிதி எழுந்தது. அந்தத் தர்மம் லயனல் பிளேஸ் துரையுடையது என்று சொல்லும் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது.

நம்புகிறவர்களுக்கு இது தெய்வ தரிசனம். மற்றவர்களுக்கு நல்ல கதை. இருவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பெரியவரைக் கண்ட பிறகு 'கண்டேன், கண்டேன்' என்று சொல்லித் திரிவது பெரிது அல்ல. கண்ட பிறகு ஒரு நல்ல காரியம் செய்வதுதான் பெரிது.

படபடப்பு ஏன்?

பிரபலமானவரைக் கண்டதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, ஏன்?

காரணம் எளிது. அவர் முகம் நமக்குப் பழக்கம். வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியில் தினமும் வருகிறார். செல்போனில் சிரிக்கிறார். அவர் அழுதால் நாமும் அழுகிறோம். நாளடைவில் அவர் நம் வீட்டுப் பிள்ளை போல ஆகிவிடுகிறார். ஆனால் நம்மை அவருக்குத் தெரியாது!

1956-ஆம் ஆண்டிலேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். வானொலி, தொலைக்காட்சி, சினிமா ஆகியவை பார்ப்பவருக்கும் நடிப்பவருக்கும் இடையே நெருங்கிய நட்பு இருப்பது போன்ற ஒரு பிரமையை உண்டாக்குகின்றன என்றார்கள். தமிழில் இதை 'ஒரு பக்க நட்பு' என்று சொல்லலாம்.

இந்த நட்பில் தவறு இல்லை. தவறு எங்கே தொடங்குகிறது? தெரிந்தவர் என்ற நினைப்பில் தோளில் கை போடும்போது! நமக்கு அவர் பத்து வருஷப் பழக்கம். அவருக்கு நாம் ஒரு நிமிஷத்துக்கு முன்பு பார்த்த புது முகம். இதை நினைவில் வைத்தாலே பாதிப் படபடப்பு அடங்கிவிடும்.

ரயிலில் ஒரு பேச்சு

சிலருக்கு இதற்கு நேர்மாறு. கூச்சம்! வாயே வராது. 'நாம் யார், அவர் யார்?' என்று ஒதுங்கிவிடுவார்கள். அதுவும் தேவை இல்லை. சாதாரண மக்கள் கூச்சப்படாமல் பேசிய ஒரு பேச்சு, ஒரு மகாத்மாவின் உடையையே மாற்றியிருக்கிறது.

1921 செப்டம்பர் மாதம். காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரையை நோக்கி ரயிலில் வந்துகொண்டிருந்தார். பெட்டியில் கூட்டம். பெரும்பாலோர் உடம்பில் அந்நிய நாட்டுத் துணி. காந்தியடிகள் அவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். கதர் உடுத்தும்படி எடுத்துச் சொன்னார்.

அவர்கள் 'ஆகட்டும், ஆகட்டும்' என்று தலையாட்டி இருக்கலாம். எதிரே இருப்பவர் நாடே போற்றும் தலைவர் ஆயிற்றே! ஆனால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தாங்கள் ஏழைகள் என்றும், கதர் விலை அதிகம் என்றும், தங்களால் வாங்க முடியாது என்றும் உள்ளதைச் சொன்னார்கள்.

காந்தியடிகள் கோபப்படவில்லை. அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று உணர்ந்தார். தம்மைப் பார்த்துக்கொண்டார். மேலே சட்டை, தலையில் குல்லாய், இடுப்பில் முழு வேட்டி. இந்த மக்களுக்கு இவ்வளவு துணி ஏது என்ற எண்ணம் அவரை வாட்டியது. மதுரையில் செப்டம்பர் 22-ஆம் தேதி காலையில் அரை ஆடையோடு வெளியே வந்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் அதுவே அவர் உடை. அந்த உடையோடுதான் 1931-இல் இங்கிலாந்து மன்னரையும் சந்தித்தார்!

ரயிலில் பேசிய அந்த மனிதர்கள் யார்? அவர்கள் பெயர் சரித்திரத்தில் இல்லை. ஆனால் அவர்கள் சொன்ன உண்மை சரித்திரத்தில் நின்றுவிட்டது.

உரிமையோடு வந்த கவிஞர்

கூச்சம் இல்லாமல் பேசுவதற்கு இன்னொரு உதாரணம் பாரதியார்.

1919-ஆம் ஆண்டு. சென்னை கதீட்ரல் சாலையில் ராஜாஜி குடியிருந்த வீட்டில் காந்தியடிகள் தங்கியிருந்தார். அறையில் தலைவர்கள் மரியாதையோடு நின்றுகொண்டிருந்தார்கள். திடீரென்று ஒருவர் உள்ளே நுழைந்தார். வணக்கம் சொன்னார். காந்தியடிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்! அன்று மாலை கடற்கரையில் தாம் பேசப் போகும் கூட்டத்துக்குத் தலைமை தாங்க முடியுமா என்று கேட்டார்.

அன்று மாலை காந்தியடிகளுக்கு வேறு வேலை இருந்தது. மறுநாளைக்கு மாற்றலாமா என்று கேட்டார். முடியாது என்றார் வந்தவர். வருத்தப்படவில்லை, வற்புறுத்தவும் இல்லை. தொடங்கப் போகும் இயக்கத்துக்கு ஆசி கூறிவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார். யார் இவர் என்று காந்தியடிகள் கேட்டார். எங்கள் தமிழ்நாட்டுக் கவி என்றார் ராஜாஜி. அவரைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும் என்றாராம் காந்தியடிகள். உடன் இருந்த எழுத்தாளர் வ.ரா. இந்த நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார்.

பாரதியாரைப் போல எல்லோராலும் நடக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். கேட்டதற்கு 'முடியாது' என்ற பதில் வந்தால், முகம் சுளிக்காமல் விடைபெற வேண்டும்.

மாடு மேய்த்த சிறுவனின் பதில்

தமிழ்நாட்டில் பலரும் சொல்லும் மற்றொரு நிகழ்ச்சி இது.

காமராஜர் முதல் மந்திரியாக இருந்த காலம். நெல்லைச் சீமையில் சேரன்மகாதேவி அருகே ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றது. காமராஜர் கீழே இறங்கினார். சில சிறுவர்கள் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவனைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டார்.

"போனா சோறு யார் போடுவா?" என்று பையன் திருப்பிக் கேட்டானாம்!

"சோறு போட்டால் படிப்பாயா?" என்றார் காமராஜர். படிப்பேன் என்றான் பையன்.

எதிரே நிற்பவர் முதல் மந்திரி என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது. தெரியாததால்தான் பயம் இல்லை. பயம் இல்லாததால்தான் உண்மை வந்தது. 1956-ஆம் ஆண்டு, பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் பள்ளிக்கூட மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கி வைத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022-இல் காலை உணவுத் திட்டமும் வந்தது.

அந்தப் பையன் காமராஜரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. படம் எடுத்துக்கொள்ளவில்லை. தன் வயிற்றுப் பசியைச் சொன்னான். அவ்வளவுதான்.

கடல் கடந்த நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1860-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி அவருக்குக் கடிதம் எழுதினாள். 'உங்கள் முகம் ஒட்டிப் போயிருக்கிறது. தாடி வளர்த்தால் அழகாக இருக்கும்' என்று யோசனை சொன்னாள்! லிங்கன் பதில் எழுதினார். தேர்தலில் ஜெயித்தார். தாடியும் வளர்த்தார். 1861 பிப்ரவரியில் தலைநகருக்குப் போகும் வழியில் அவள் ஊரான வெஸ்ட்ஃபீல்டில் ரயில் நின்றது. கூட்டத்தில் அந்தச் சிறுமியைத் தேடி அழைத்து முத்தமிட்டார்.

பெரியவர்களைச் சுற்றிப் புகழ்பவர்கள் நிறைய இருப்பார்கள். உள்ளதைச் சொல்பவர்கள்தான் குறைவு.

போன உயிர் திரும்புமா?

இனி, கூச்சலால் வரும் கேட்டைப் பார்ப்போம்.

2024 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு. ஹைதராபாத்தில் ஒரு சினிமா தியேட்டர். புதுப் படத்தின் முதல் காட்சி. குடும்பம் குடும்பமாகப் படம் பார்க்க வந்திருந்தார்கள். படத்தின் கதாநாயகரே தியேட்டருக்கு வந்துவிட்டார். அவரைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. நெரிசலில் ஒரு தாய் உயிர் இழந்தார். அவருடைய சிறு மகன் மூச்சுத் திணறி, உயிருக்குப் போராடும் நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டான். படம் பார்க்கப் போன தாய் வீடு திரும்பவில்லை.

தமிழ்நாட்டிலும் 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி, கரூரில் நடந்த அரசியல் பிரசாரக் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு.

நெரிசலில் சாவு எப்படி வருகிறது? மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி அல்ல. நாலு பக்கமும் உடம்புகள் நெருக்கும்போது மார்பு விரிய இடம் இருக்காது. மூச்சு இழுக்க முடியாது. நின்றபடியே மயக்கம் வரும். பின்னால் தள்ளுகிறவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. யாரும் யாரையும் கொல்ல நினைப்பதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஓர் அடி முன்னே வைத்தால், முன்னால் இருப்பவரின் மூச்சு நின்றுவிடும்.

துரத்துவதும் ஆபத்துதான். இங்கிலாந்து இளவரசி டயானா 1997 ஆகஸ்ட் 31-ஆம் தேதி பாரிஸ் நகரச் சுரங்கப் பாதையில் கார் மோதி இறந்தார். கார் ஓட்டியவர் குடித்திருந்தார். படம் பிடிக்க வாகனங்கள் பின்னால் துரத்தி வந்தன. காரோட்டியின் அஜாக்கிரதை, துரத்தி வந்த வாகனங்களின் அஜாக்கிரதை ஆகிய இரண்டுமே காரணம் என்று 2008-இல் லண்டனில் நடந்த விசாரணையில் முடிவாயிற்று.

அச்சரப்பாக்கம் போன்ற ஊர்களுக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம். இங்கே ஓடுவது பெருஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் இடைவிடாமல் பறக்கின்றன. நடிகரைப் பார்க்கச் சாலையின் குறுக்கே ஓடும் குழந்தையை எந்த நடிகராலும் காப்பாற்ற முடியாது.

அவர்களுக்கும் ஒரு மனம்

பிரபலமானவர்களும் மனிதர்கள்தான். பசி வரும். தலை வலிக்கும். கோபமும் வரும்.

2018 அக்டோபரில் மதுரையில் ஒரு திறப்பு விழா. மூத்த நடிகர் சிவகுமார் வந்தார். ஓர் இளைஞர் அவரைக் கேட்காமலே செல்போனை நீட்டிப் படம் எடுக்க முயன்றார். சிவகுமார் செல்போனைத் தட்டிவிட்டார். அது கீழே விழுந்தது. அந்தக் காட்சி நாடு முழுவதும் பரவியது. பிறகு சிவகுமார் தம் செய்கைக்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

கேட்காமல் படம் எடுப்பதும் சரியல்ல, தட்டிவிடுவதும் சரியல்ல. "ஒரு படம் எடுத்துக்கலாமா, ஐயா?" என்ற ஒரு வார்த்தை போதும். இரண்டு தவறுமே நடந்திருக்காது.

பெரியவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அப்துல் கலாம் உதாரணம். 2015 ஜூலை 27-ஆம் தேதி. கௌஹாத்தியிலிருந்து ஷில்லாங்குக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் சென்ற பாதுகாப்பு வண்டியில் ஒரு காவலர் துப்பாக்கியோடு நின்றுகொண்டே வந்தார். கலாம் அதைக் கவனித்தார். அவரை உட்காரச் சொல்லுங்கள் என்று உடன் வந்தவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். முடியவில்லை. ஷில்லாங் போய்ச் சேர்ந்ததும் அந்தக் காவலரைத் தேடிப் பிடித்துக் கை குலுக்கினார். தமக்காக இவ்வளவு நேரம் நிற்க வேண்டி வந்ததே என்று வருத்தப்பட்டார். நன்றி சொன்னார். உங்களுக்காக இன்னும் ஆறு மணி நேரம்கூட நிற்பேன் என்றாராம் காவலர். அன்று மாலையே மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது கலாம் சாய்ந்தார். மறைந்தார்.

கலாமைக் காவலர் பார்த்தது பெரிது அல்ல. காவலரைக் கலாம் பார்த்தாரே, அதுதான் பெரிது!

என்ன செய்யலாம்?

குடும்பத்தில் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டியவை இவை:

முதலில் பாருங்கள். அவர் சாப்பிடுகிறாரா? குழந்தை குட்டிகளோடு இருக்கிறாரா? ஆஸ்பத்திரி வாசலிலோ சாவு வீட்டிலோ நிற்கிறாரா? அப்படியானால் ஒரு புன்னகையோடு விலகிவிடுங்கள். அதுவே பெரிய மரியாதை.

ஒரு கை தூரத்தில் நின்று "வணக்கம்" சொல்லுங்கள். தொட வேண்டாம், இழுக்க வேண்டாம். பெண்களிடம் இன்னும் கவனம் தேவை.

படம் வேண்டுமானால் கேட்டு எடுங்கள். 'வேண்டாம்' என்றால் 'சரி' என்று சொல்லுங்கள்.

'என்னைத் தெரிகிறதா?' என்று கேட்காதீர்கள். 'அந்தப் படம் ஏன் ஓடவில்லை?' என்றும் கேட்காதீர்கள். அவருடைய எந்தப் பாட்டு, எந்தப் புத்தகம், எந்த ஆட்டம் உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அவருக்கும் அது நினைவில் நிற்கும்.

அவர் நிற்கும் இடத்தைச் செல்போனில் ஊருக்கெல்லாம் அறிவிக்காதீர்கள். பத்து நிமிஷத்தில் கூடும் கூட்டத்தில் உங்கள் குழந்தையும் இருக்கும்.

மந்திரியோ கலெக்டரோ வந்தால், ஊர்க் குறையைச் சொல்லத் தயங்க வேண்டாம். ஒரே குறை, இரண்டே வாக்கியம். குடிநீர் வரவில்லை என்றால் எந்தத் தெருவில், எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். மனுவாக எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. வழியில் பார்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. கலெக்டர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது.

கூட்டம் சேர்ந்துவிட்டால், முதல் வேலை குழந்தைகளோடு வெளியேறுவது. நெருக்கத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுவிட இடம் கிடைக்கும். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். செருப்போ செல்போனோ விழுந்தால் குனிந்து எடுக்க வேண்டாம். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள்.

மறுபடியும் டீக்கடை

2019 அக்டோபர் 11-ஆம் தேதி, சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரத்துக்கு வந்தார். பிரதமர் மோடி அவரை அழைத்துக்கொண்டு அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் சுற்றிக் காட்டினார். அதற்காக எத்தனையோ நாள் முன்பே ஏற்பாடுகள் நடந்தன. சாலைகள் பளபளத்தன. மரங்களுக்கெல்லாம் விளக்கு. வருகிறார்கள் என்று தெரிந்தால் ஊரே தயாராகிவிடும்!

சொல்லாமல் வருகிறவருக்குத் தோரணம் இல்லை. போலீஸ் இல்லை. நம்முடைய நடத்தை ஒன்றுதான் தோரணம்; அது ஒன்றுதான் காவல்.

சரி, அந்த டீக்கடைக்குத் திரும்புவோம். ஐம்பது பேர் சூழ்ந்துவிட்டார்கள். நடிகரின் முகத்தில் சிரிப்பு மறைகிறது. டீயை வைத்துவிட்டுக் காரைப் பார்க்கிறார். அப்போது பெஞ்சில் இருந்த பாட்டி குரல் கொடுக்கிறாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. அந்தப் புள்ள டீ குடிக்கட்டும். நீ குந்துப்பா. டீ ஆறிப் போவுது பாரு. எந்த ஊருக்குப் போவணும்?"

கூட்டம் இரண்டடி பின்வாங்குகிறது. நடிகர் பாட்டியின் பக்கத்தில் உட்காருகிறார். "மதுரைக்குப் போறேம்மா" என்கிறார். டீயைக் குடிக்கிறார். பேத்தி பெஞ்சிலிருந்து இறங்கிக் கும்பிடுகிறாள். "நீங்க வாத்தியாரா நடிச்ச படம் எனக்குப் பிடிக்கும்" என்கிறாள். நடிகர் அவளிடம் எந்த வகுப்பு என்று கேட்கிறார். டயர் மாற்றியாகிவிட்டது. கார் புறப்படுகிறது.

பேத்திக்கு மூச்சு வாங்குகிறது. "ஆயா! அவரு யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"யாரா இருந்தா இன்னா? வண்டி நின்னு போயி வழியில நின்ன புள்ள" என்கிறாள் பாட்டி.